மக்கள் நாவலர் பிரையன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் பதவிக்கு மூன்று முறை போட்டியிட்டு மூன்று முறையும் தோல்வி கண்டவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவரை வென்றவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் வரலாற்று மாணவர்களே நினைவில் வைத்திருக்கின்றனர். பிரையனின் பெயரோ அந்நாட்டுப் பள்ளிகளில் எதைக் கற்பிப்பது என்னும் வழக்கு எழும்போதெல்லாம் உடன் எழுகின்றது. 1925 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் வாழ்வின் கடைசி நாள்களில், டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் வாதாடிய வழக்கே அதற்குக் காரணம். அரசுப் பள்ளியில் மனிதனின் தோற்றம் குறித்து எதைக் கற்பிக்கலாம், அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது என்பனவே அவ்வழக்கில் எழுந்த வினாக்கள்.

அவ்வழக்கைக் கருவாகக் கொண்ட நாடகம் ஒன்று 1955 இல் அரங்கேறிற்று. 1960 இல் அது திரைப்படமாகவும் வந்தது. பிரையனின் சாயலில் படைக்கப்பட்ட பாத்திரம் அதில் பிடிவாதமும் தற்பெருமையும் பெருந்தீனியும் கொண்ட முதியவராக வருகிறது. நீதிமன்றத்திலேயே பேசிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்து இறக்கிறது. நாடகத்தை எழுதிய இருவரும் பெயர்களை மாற்றியதோடு, தாம் வரைவது வரலாறு அன்று என்றும் முன்கூட்டியே தெரிவித்திருந்தனர். தம் காலத்தில் நிலவிய கருத்தடக்குமுறையைச் சாடுவதே அவர்கள் நோக்கம். எனினும் பார்த்தோர் நெஞ்சில் தங்கியது அப்பாத்திரமே. நல்ல நாடகம் ஒன்று உண்மையான ஒரு மனிதரை இவ்வளவு முழுமையாக மறைத்துவிடக்கூடும் என்பது எழுதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

பிரையன் 1860 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துச் சேலம் என்னும் ஊரில் பிறந்தார். நம் சேலத்தோடு அதற்குப் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பு இல்லை. தந்தையார் சைலஸ் பிரையன் நீதிபதியாக இருந்தவர். பத்து வயது வரை தாயாரே வீட்டில் வைத்துக் கற்பித்தார். பதினான்காம் வயதில் பிரையன் பிரெஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார். இறுதி வரை அச்சபையிலேயே இருந்தார். ஜாக்சன்வில் நகரின் இல்லினாய் கல்லூரியில் 1881 இல் பட்டமும், சிகாகோவில் 1883 இல் சட்டப் பட்டமும் பெற்றார்.

1884 இல் மேரி பேர்டு என்னும் அம்மையாரை மணந்தார். கணவரின் தொழிலுக்குத் துணை நிற்க வேண்டும் என்பதற்காகவே அவ்வம்மையார் சட்டம் பயின்று வழக்குரைஞராகவும் பதிவு பெற்றார் என்பது அக்காலத்தில் அரிய செய்தி. 1887 இல் குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து 1890 இல் பிரையன் நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொற்சிலுவை

நெப்ராஸ்கா உழவர் நாடு. கோதுமையும் சோளமும் விளைந்தும் உழவர் கடனில் மூழ்கியிருந்தனர். 1873 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்கும் முறையை நிறுத்திப் பொன்னையே நாணய அடிப்படையாக்கியது. நாட்டின் விளைச்சலும் மக்கள் தொகையும் வளர்ந்த அளவுக்குப் பணம் வளரவில்லை. பணம் அரிதாகவே தானிய விலை ஆண்டுதோறும் வீழ்ந்தது. நூறு மூட்டை விற்று அடைக்கலாம் என எண்ணி வாங்கிய கடனை அடைக்க நூற்றைம்பது மூட்டை வேண்டியதாயிற்று. கடன் கொடுத்த கிழக்குக் கரை வங்கிகளுக்கு இது ஊதியம். வாங்கிய உழவருக்கோ நிலமிழப்பு. வெள்ளி நாணயத்தையும் மீண்டும் தாராளமாக வெளியிட வேண்டும் என்னும் கோரிக்கை இவ்வாறு எழுந்தது.

1896 ஜூலை 9 ஆம் நாள் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரையன் இக்கோரிக்கைக்காகப் பேசினார். அப்போது ஒலிபெருக்கி இல்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கின் கடைசி வரிசை வரையில் அவர் குரல் சென்றது. கடனாளி உழவரின் துயரத்தை முள்முடியோடும் சிலுவையோடும் இணைத்து அவர் உரையை முடித்தமையால் அது பொற்சிலுவைப் பேச்சு என்று பெயர் பெற்றது. மறுநாளே அவர் கட்சியின் வேட்பாளரானார். வயது முப்பத்தாறு. பெருங்கட்சி ஒன்று அவ்வளவு இளைய ஒருவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தியது அதுவே முதல் முறை. இன்றுவரை அவரினும் இளையவர் எவரும் நிறுத்தப்படவில்லை.

வேட்பாளர்கள் வீட்டிலிருந்தபடியே தேர்தலைச் சந்திப்பது அந்நாளைய வழக்கம். எதிர்த்து நின்ற மக்கின்லி அவ்வாறே தம் வீட்டு முற்றத்திலிருந்து பேசினார். பிரையனோ புகைவண்டியில் ஏறத்தாழ 18,000 மைல் பயணம் செய்து சுமார் 600 கூட்டங்களில் பேசினார். அவர் பெற்ற வாக்குகள் ஏறக்குறைய 65 இலட்சம்; மக்கின்லி பெற்றவை 71 இலட்சம். 1900 இல் மீண்டும் மக்கின்லியிடமும் 1908 இல் டாஃப்டிடமும் தோற்றார்.

தோற்றவர் எதையும் சாதிக்கவில்லை என்று எண்ணுதல் கூடாது. வருமான வரி, மேலவை உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், பெண்டிர்க்கு வாக்குரிமை, மதுவிலக்கு ஆகிய நான்குக்கும் அவர் பல்லாண்டுகள் மேடைதோறும் வாதாடினார். 1913 முதல் 1920 வரையிலான காலத்துக்குள் இந்நான்கும் அரசியல் சட்டத் திருத்தங்களாயின. மதுவிலக்கு மட்டும் 1933 இல் நீக்கப்பட்டது.

இந்திய நாட்டில்

1905 இன் இறுதியில் தொடங்கிய உலகப் பயணத்தின்போது, 1906 இல் பிரையன் இந்தியாவுக்கும் வந்தார். இங்கு ஆங்கிலேயர் ஆட்சியைக் கண்டு அவர் எழுதிய கட்டுரை அவ்வாட்சியினருக்கு உவப்பானதாக இல்லை. வரிச்சுமையையும் பஞ்சத்தையும் கல்வியின்மையையும் ஆட்சியில் மக்களுக்குப் பங்கின்மையையும் அதில் எடுத்துக்காட்டினார். அக்கட்டுரை சிறு நூலாகவும் அச்சிடப்பட்டு விடுதலை இயக்கத்தாரிடையே பரவியது. ஆளப்படுவோரின் இசைவின்றி ஆள்வது முறையன்று என்பது அவர் கொள்கை. பிலிப்பைன் தீவுகளைத் தம் நாடு கைப்பற்றியபோதும் அவர் இதே காரணம் காட்டி எதிர்த்தார். மக்களின் இசைவு என்னும் இந்த ஒரே அளவுகோலைத்தான் அவர் பின்னர் பள்ளிப் பாடநூலுக்கும் பயன்படுத்தினார்.

அமைச்சரும் அமைதியும்

1913 இல் குடியரசுத் தலைவர் வில்சன் பிரையனை வெளியுறவு அமைச்சராக்கினார். அயல்நாட்டுத் தூதர்களுக்கு அளித்த விருந்தில் மதுவுக்கு மாற்றாகத் திராட்சைச் சாறு வழங்கி அவர் நகைப்புக்கு ஆளானார். நகைத்தவர்கள் கவனிக்கத் தவறிய பணி ஒன்று உண்டு. பூசல் எழுந்தால் ஓராண்டுக் காலம் போர் தொடங்காமல் பொதுக் குழு ஒன்றின் விசாரணைக்கு விடுவது என்னும் உடன்படிக்கையை அவர் 30 நாடுகளுடன் செய்துகொண்டார்.

1915 மே 7 ஆம் நாள் லூசிட்டானியா என்னும் பிரித்தானியப் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. மாண்டோர் 1,198 பேர்; அவர்களுள் 128 பேர் அமெரிக்கர். ஜெர்மனிக்கு வில்சன் அனுப்பவிருந்த கடுமையான கடிதம் தம் நாட்டைப் போருக்கு இழுத்துச் செல்லும் எனக் கருதிய பிரையன் ஜூன் மாதத்தில் பதவி விலகினார். கொள்கைக்காக அவ்வளவு உயரிய பதவியைத் துறந்தவர் அந்நாட்டு வரலாற்றில் மிகச் சிலரே.

பரிணாமக் கொள்கையும் பிரையனும்

டார்வினின் கொள்கையைப் பிரையன் இளமையிலிருந்தே ஏற்றதில்லை. ஆயினும் நெடுங்காலம் அதனோடு போரிடவும் இல்லை. 1904 முதல் ஊர்தோறும் ஆற்றிவந்த சமயச் சொற்பொழிவில், தமக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்பவரோடு பூசலும் இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். முதல் உலகப் போருக்குப் பின்பே அவர் உள்ளம் மாறியது.

மாற்றத்துக்குச் சில நூல்கள் காரணமாயின. வெர்னன் கெல்லாக் என்னும் உயிரியல் அறிஞர் பெல்ஜிய நாட்டில் துயர்துடைப்புப் பணியாற்றியபோது ஜெர்மானியப் படைத்தலைமையகத்தில் அலுவலர்களோடு உரையாடிய செய்திகளை 1917 இல் நூலாக்கினார். வலியது வாழும், மெலிந்தது அழியும் என்னும் இயற்கை விதியைக் காட்டி அவர்கள் போரை நியாயப்படுத்தியதை அந்நூல் விவரித்தது. ஜேம்ஸ் லூபா என்னும் உளவியலாளர் 1916 இல் வெளியிட்ட ஆய்வோ, கல்லூரியில் ஆண்டுகள் கூடக்கூட மாணவர்களிடையே கடவுள் நம்பிக்கை குறைவதாகக் காட்டிற்று. இரண்டையும் படித்த பிரையன் பெரிதும் கலங்கினார்.

அவர் கலக்கத்தின் வேரை உணராமல் அவரை மதிப்பிடுதல் தகாது. வாழ்நாள் முழுதும் மெலியவர் பக்கம் நின்று பேசியவர் அவர். கடனாளி உழவரை அழுத்திய செல்வர்கள் அந்நாளில் தம் செல்வத்தை இயற்கைத் தேர்வின் விளைவென்று பேசிக்கொண்டதும் உண்டு. மெலியவரைக் காப்பது இனத்தின் நலிவுக்கு வழி என்று சொல்லி, அறிவு குன்றியோர் பிள்ளை பெறுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்போர் பல்கலைக்கழகங்களிலேயே இருந்தனர். பரிணாமக் கொள்கை வேறு, அதனைச் சாக்காக்கி எழுந்த இக்கொடுமை வேறு. பிரையன் இவ்விரண்டையும் வேறு பிரிக்கவில்லை. ஒரு கருத்தைத் தீயோர் பயன்படுத்துவதாலேயே அது பொய்யாகிவிடாது என்னும் எளிய தருக்கத்தை, ஆயிரம் மேடைகளில் வாதிட்ட அவர் தவறவிட்டமை வியப்பே.

இன்னொரு பிழையும் உண்டு. அக்காலத்து உயிரியல் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. உயிரினங்கள் மாறி வந்தன என்பதில் அவர்கள் ஒன்றுபட்டிருந்தனர். இயற்கைத் தேர்வு ஒன்றே அம்மாற்றத்துக்குப் போதிய காரணமா என்பதில்தான் பிளவுபட்டிருந்தனர். இரண்டாவது வேறுபாட்டைப் பிரையன் முதலாவதாகப் பிறழ உணர்ந்து, பரிணாமம் வெறும் ஊகம் என்று பறைசாற்றினார்.

அவர் வாதத்தின் முதுகெலும்பு அறிவியலும் அன்று, விவிலியமும் அன்று. அரசுப் பள்ளி மக்களின் வரிப்பணத்தில் நடைபெறுவது. ஆசிரியர் மக்களின் ஊழியர். ஊதியம் தருவோர் ஏற்காத ஒன்றை ஊதியம் பெறுவோர் அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆகாது. சில ஆயிரம் அறிஞர்கள் கோடிக்கணக்கான பெற்றோர் மீது ஆட்சி செலுத்துவது ஜனநாயகம் ஆகாது. இதுவே அவர் மாநிலங்கள்தோறும் சென்று சொன்னது. 1922 இல் கென்டக்கி மாநிலத்தில் பரிணாமக் கல்வியைத் தடுக்கும் சட்டம் ஒரே வாக்கில் தோற்றது. அச்சட்டங்களில் தண்டனைப் பிரிவு இருத்தல் கூடாது என்று பிரையன் வற்புறுத்தினார் என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது.

மக்களின் பெரும்பான்மை என்றபோது அவர் கண்ணுக்கு எல்லா மக்களும் தெரிந்தனர் என்று சொல்ல இயலாது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டதைப் பற்றி அவர் வாய் திறந்து போராடவில்லை. 1924 ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெறிக்கும்பலைப் பெயர் சுட்டிக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது, கட்சி ஒற்றுமையைக் காரணம் காட்டிப் பெயரைத் தவிர்க்கும்படி பேசினார். மக்கள் நாவலர் என்னும் பெருமையின் மீது படிந்த அழியாக் கறை அது.

டேட்டன் வழக்கு

டென்னசி மாநிலத்தில் உழவரான ஜான் வாஷிங்டன் பட்லர் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1925 மார்ச் மாதத்தில் நிறைவேறியது. விவிலியம் கூறும் படைப்பை மறுத்து, கீழ்நிலை உயிர்களிலிருந்து மனிதன் தோன்றினான் என அரசுப் பள்ளிகளில் கற்பிப்பது குற்றமாயிற்று. தண்டம் 100 முதல் 500 டாலர். பிரையனின் அறிவுரைக்கு மாறாகத் தண்டனை சேர்ந்துவிட்டது.

அச்சட்டத்தை எதிர்த்து வழக்காட விரும்பும் ஆசிரியருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் நாளிதழில் அறிவித்தது. டேட்டன் என்னும் சிற்றூரின் பெரிய மனிதர்கள் சிலர் ராபின்சன் என்பாரின் மருந்துக் கடையில் கூடி, இவ்வழக்கை நம் ஊரிலேயே நடத்தினால் ஊருக்குப் பெயர் கிட்டும் என்று முடிவு செய்தனர். ஜான் ஸ்கோப்ஸ் என்னும் இருபத்து நான்கு வயது ஆசிரியரை அழைத்துக் கேட்டனர். கால்பந்துப் பயிற்சியாளரான அவர் உயிரியல் ஆசிரியர் விடுப்பிலிருந்தபோது சில நாள் வகுப்பெடுத்தவர். அவர் இசைந்தார். இந்த ஸ்கோப்ஸ் பிரையனின் பிறந்த ஊரான சேலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர். 1919 இல் அப்பள்ளியின் நிறைவு விழாவில் பிரையன் பேசக் கேட்டவர்.

ஸ்கோப்ஸ் பயன்படுத்திய ஹன்டரின் உயிரியல் பாடநூல் 1914 இல் வெளிவந்தது. மாநில அரசே ஏற்பளித்த நூல் அது. மேற்கூறிய மருந்துக் கடையிலேயே விற்கப்பட்டது. அதில் பரிணாமம் பற்றியவை சில பக்கங்களே. அதே நூல் மனித இனங்களை ஐந்தாகப் பகுத்து வெள்ளை இனத்தை உச்சியில் வைத்தது. அறிவு குன்றிய குடும்பங்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்று வருணித்து, அவர்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றும் கற்பித்தது. நீதிமன்றத்தில் இந்நூலைக் கையில் ஏந்திப் பேசிய பிரையன், 3,500 பாலூட்டிகளுள் ஒன்றாக மனிதனை ஒரு சிறு வட்டத்துக்குள் அடைத்திருப்பதைக் காட்டிச் சினந்தார். இனத்தை உயர்வு தாழ்வு கூறும் பக்கங்களை அவர் காட்டவில்லை. எதிர்த்தரப்பினரும் அவற்றைத் தொடவில்லை.

ஸ்கோப்ஸுக்காக வாதாட வந்தவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் டாரோ. 1896 இல் பிரையனை ஆதரித்தவர் அவர். தொழிலாளர்க்காகவும் தூக்குத் தண்டனைக்கு எதிராகவும் வாதாடிப் புகழ் பெற்றவர். மற்றொருவர் டட்லி ஃபீல்டு மலோன், பிரையனின் வெளியுறவு அமைச்சகத்தில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர். எதிரெதிரே நின்றவர்கள் பழைய தோழர்கள்.

ஜூலை 10 ஆம் நாள் வழக்குத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றத்தில் வாதாடாத பிரையன் கையில் பனையோலை விசிறியுடன் வெப்பத்தில் அமர்ந்திருந்தார். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று நிகழ்ச்சிகளை நேரடியாக ஒலிபரப்பியது. நீதிமன்ற வழக்கொன்று அவ்வாறு ஒலிபரப்பானது அந்நாட்டில் அதுவே முதல் முறை. அறிவியல் அறிஞர்களைச் சாட்சிகளாக விசாரிக்கலாமா என்ற வினா ஜூலை 16 இல் எழுந்தபோது பிரையன் பேசினார். அவரை அடுத்து மலோன், உண்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, பிள்ளைகளின் மனக்கதவைத் திறந்து விடுங்கள் என்னும் பொருள்பட முழங்கினார். அவருக்கே கைதட்டல் மிகுந்தது. பிரையனின் சொந்த மேடை போன்ற அந்த ஊரில், சொல்லாற்றலில் அவர் தோற்ற நாள் அது. எனினும் நீதிபதி ரால்ஸ்டன் அறிஞர்களின் சாட்சியத்தை ஜூரிகள் கேட்க இசையவில்லை.

வழக்கு முடிந்தது என்று கருதிச் செய்தியாளர் பலர் ஊர் திரும்பினர். பிரையனைக் கொடிய எள்ளலால் தாக்கி எழுதிவந்த பால்டிமோர் இதழாளர் மென்கனும் அவர்களுள் ஒருவர். அடுத்த நாடகத்தை அவர் காணவில்லை.

ஜூலை 20 அன்று, கூட்டத்தின் எடையை மாடித் தளம் தாங்காது என்னும் அச்சத்தால் நீதிமன்றம் வெளியே மரநிழலுக்கு மாற்றப்பட்டது. அங்கே எதிர்த்தரப்பினர் விவிலிய அறிஞர் என்ற முறையில் பிரையனையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தனர். அரசு வழக்குரைஞர் தடுத்தும் பிரையன் ஏறினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் டாரோ வினவினார். யோனாவை மீன் விழுங்கியது, யோசுவாவுக்காகக் கதிரவன் நின்றது, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள், ஊழிவெள்ளம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என வினாக்கள் நீண்டன. படைப்பின் ஆறு நாள்களும் இருபத்து நான்கு மணி நேர நாள்கள் அல்ல, நெடிய ஊழிகளாகவும் இருக்கலாம் என்று பிரையன் ஒப்புக்கொண்டார். இது அவர் பல்லாண்டுகளாகக் கொண்டிருந்த கருத்தே. அழுத்தத்தால் பிடுங்கப்பட்டது அன்று. ஆயினும் அதன் விளைவு பெரிது. நாள் என்னும் சொல்லுக்குப் பொருள் விரித்துக் கொள்ளலாம் என்றால், மண்ணிலிருந்து படைத்தார் என்னும் தொடருக்கு மட்டும் ஏன் கூடாது? சொற்பொருளில் பழகிய எவருக்கும் எழும் இவ்வினாவுக்கு அவரிடம் விடை இல்லை.

பிரையன் கூண்டேறியதற்குக் காரணம் உண்டு. மறுநாள் டாரோவைக் கூண்டில் ஏற்றித் தாம் வினவலாம் என்று எண்ணியிருந்தார். அதனினும் மேலாக, இறுதியுரை ஒன்றை அவர் பல வாரங்களாக உழைத்து எழுதி வைத்திருந்தார். ஏறத்தாழ 15,000 சொற்கள். பொற்சிலுவைப் பேச்சுக்குப் பின் தம் வாழ்வின் பேருரை அதுவே ஆகும் என்பது அவர் நம்பிக்கை.

ஜூலை 21 காலையில் நீதிபதி முந்தைய நாள் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கினார். உடனே டாரோ எழுந்து, தம் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்குமாறு ஜூரிகளைக் கேட்டுக்கொண்டார். மேல் நீதிமன்றம் செல்வது அவர் நோக்கம். அந்நாட்டு முறைப்படி எதிர்த்தரப்பு இறுதியுரையைக் கைவிட்டால் அரசுத் தரப்பும் பேச இயலாது. ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் திரும்பி வந்தனர். குற்றம் உறுதியாயிற்று, தண்டம் 100 டாலர். பிரையன் வழக்கில் வென்றார். உரை சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

இறுதி நாள்கள்

அடுத்த ஐந்து நாள்களும் அவ்வுரையின் பொருட்டே கழிந்தன. அண்டையூர்களில் கூடிய மக்களிடம் அதன் பகுதிகளைப் பேசிக்காட்டினார். அச்சிடுவதற்கு சட்டனூகா நகர இதழாசிரியர் ஒருவரோடு ஏற்பாடு செய்தார். ஜூலை 26 ஞாயிறு, டேட்டனில் வழிபாட்டுக்குச் சென்று வந்து, பகலுணவுக்குப் பின் உறங்கச் சென்றவர் எழவில்லை. வயது அறுபத்தைந்து. நெடுநாளாக அவருக்கு நீரிழிவு இருந்தது. 1898 ஆம் ஆண்டுப் போரில் தன்னார்வப் படைக்குத் தலைமை ஏற்றிருந்தமையால் ஆர்லிங்டன் படைவீரர் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. போரை வெறுத்தவருக்கு அமைந்த இடம் அது.

உரை அவர் மறைவுக்குப் பின் அச்சில் வந்தது. அதனைப் படிப்போர் இரண்டு பிரையன்களைக் காணலாம். ஒருவர் அறிவியல் சான்றுகளை ஊகங்களின் அடுக்கு என ஒதுக்குபவர். அவருடைய வாதங்கள் அன்றே பழையன. மற்றவர், மனிதரைக் கால்நடைபோல் தேர்ந்து பெருக்கலாம் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கையைக் கண்டு நடுங்குபவர். ஈராண்டு கழித்து, 1927 இல், அறிவு குன்றியவர் எனக் கருதப்படுவோர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் 60,000க்கும் மேற்பட்டோர் அவ்வாறு கருத்தடைக்கு ஆளாயினர். கற்றறிந்தோர் பலர் அதனை முன்னேற்றம் என்று போற்றினர். அந்த ஓர் அச்சத்தில் டேட்டனின் முதியவர் தம்மை நகைத்தோரைவிடத் தெளிவாகக் கண்டிருந்தார் என்று சொல்லாமல் இருக்க இயலாது.

பின்வரலாறு

1927 இல் டென்னசி உச்ச நீதிமன்றம் ஸ்கோப்ஸின் தண்டனையை நீக்கியது. சட்டம் தவறென்று அன்று. 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை நீதிபதி அல்லாமல் ஜூரிகளே விதிக்க வேண்டும் என்ற நுட்பத்தால். இதனால் டாரோ விரும்பிய மேல்முறையீட்டு வழியும் அடைபட்டது. சட்டம் 1967 வரை நடைமுறையில் இருந்தது. பதிப்பகத்தார் பரிணாமம் என்னும் சொல்லையே பல பாடநூல்களிலிருந்து சத்தமின்றி எடுத்தனர். சோவியத் நாடு 1957 இல் செயற்கைக் கோளை ஏவிய பின்பே அமெரிக்கா தன் அறிவியல் கல்வியை மீண்டும் கருதிப் பார்த்தது.

பிரையன் விரும்பிய வழியில், மக்களின் நேரடி வாக்கெடுப்பால், ஆர்க்கன்சா மாநிலத்தில் 1928 இல் ஒரு தடைச்சட்டம் பிறந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1968 இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதது என்றது. ஒரு சமயத்தின் கோட்பாட்டுக்கு ஏற்பப் பாடத்திட்டத்தை வளைக்க அரசுக்கு உரிமை இல்லை. பெரும்பான்மை அதனை விரும்பினாலும் இல்லை. படைப்புக் கொள்கையையும் அறிவியல் என்று பெயரிட்டுச் சம அளவில் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டமும் 1987 இல் அவ்வாறே வீழ்ந்தது.

அதன் பின் எழுந்ததே அறிவார்ந்த வடிவமைப்பு என்னும் கொள்கை. உயிர்களின் சில உறுப்புகள் படிப்படியாக உருவாக இயலாத அளவுக்குச் சிக்கலானவை. ஆகவே அவற்றை அறிவுள்ள ஒரு வடிவமைப்பாளர் அமைத்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கடிகாரத்தைக் கண்டால் செய்தவரை உணர்கிறோம் என்று 1802 இல் வில்லியம் பேலி எழுதியதன் புது வடிவமே இது. வடிவமைப்பாளர் கடவுளா என்று கேட்டால் அக்கொள்கையினர் மௌனம் காப்பர். பிரையனிடம் இம்மறைப்பு இல்லை. அவர் எதை நம்பினாரோ அதன் பெயரைச் சொல்லியே வாதிட்டார்.

2004 அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் ஊரின் பள்ளி வாரியம், டார்வினின் கொள்கையில் இடைவெளிகள் உள்ளன என்றும் வடிவமைப்புக் கொள்கை என ஒன்று உண்டு என்றும் ஒன்பதாம் வகுப்பில் அறிக்கை படிக்குமாறு தீர்மானித்தது. உயிரியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தனர். நிருவாகத்தினர் வந்து படித்தனர். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். அறிக்கை பரிந்துரைத்த துணைநூலின் பழைய வரைவுகள் நீதிமன்றத்தில் ஒப்பிடப்பட்டன. பாடவேறுபாடு ஆராய்வோர்க்கு நன்கு விளங்கும் சான்று அது. 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் படைப்பு என்று இருந்த இடங்களிலெல்லாம் பிந்தைய வரைவுகளில் அறிவார்ந்த வடிவமைப்பு என்னும் சொல் அமர்ந்திருந்தது. விளக்கங்கள் மாறவில்லை. ஓரிடத்தில் பழைய சொல்லை முற்றும் அழிக்காமல் புதுச் சொல்லைத் திணித்ததால் இரண்டும் கலந்த பொருளற்ற சொல் ஒன்று நின்றிருந்தது.

2005 டிசம்பர் 20 ஆம் நாள் நீதிபதி ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். வடிவமைப்புக் கொள்கை அறிவியல் அன்று. படைப்புக் கொள்கையின் வழித்தோன்றலே. அரசுப் பள்ளியில் அதனைப் புகுத்துதல் அரசியல் சட்டத்துக்கு மாறானது. அதற்கு ஆறு வாரம் முன்னரே, நவம்பர் 8 ஆம் நாள், டோவர் மக்கள் வாக்களித்திருந்தனர். ஒன்பது இடங்களுள் தேர்தல் நடந்த எட்டிலும் பழைய வாரியத்தார் தோற்றனர். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை.